பன்னிரண்டு வயதில் காணாமல் போகும் ஏழைகள்: ஒரு மிடில் ஸ்கூலின் டைட்டில் ஒன் கணக்கு

அமெரிக்காவில் வீடு தேடும் நம்ம ஊர்க்காரர்கள் முதலில் பார்ப்பது, அந்தப் பகுதிப் பள்ளிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்பதைத்தான். அப்படிப் பார்க்கும்போது சில பள்ளிகளின் விவரத்தில் 'டைட்டில் ஒன்' என்று ஒரு குறிப்பு இருக்கும். அதைக் கண்டதும் பலர் அடுத்த வீட்டுக்கு நகர்ந்துவிடுவார்கள். "அது வேணாங்க, டைட்டில் ஒன் ஸ்கூல்" என்று சொல்வதைப் பிறந்தநாள் பார்ட்டிகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். "அப்படின்னா என்னங்க?" என்று திருப்பிக் கேட்டால் பதில் வராது. ஏதோ நோய் மாதிரி ஒரு முகபாவம் மட்டும் வரும்.

என் மகள் படிப்பது அப்படி ஒரு பள்ளியில்தான். கலிஃபோர்னியாவில் இந்தப் பள்ளிகளில் 'ஸ்கூல் சைட் கவுன்சில்' என்று ஒரு குழு உண்டு. பாதிப் பேர் பள்ளியைச் சேர்ந்தவர்கள், பாதிப் பேர் பெற்றோர் தரப்பு. பள்ளிக்கு வரும் ஃபெடரல் பணத்தை எதற்குச் செலவழிக்கலாம் என்ற ஆண்டுத் திட்டம் இந்தக் குழுவின் ஓட்டெடுப்பைத் தாண்டித்தான் மேலே போகும். இரண்டு வருஷமாக நான் அதில் பெற்றோர் உறுப்பினர். எந்த எக்செல் ஷீட்டைக் கண்டாலும் 'இந்த எண் எங்கிருந்து வந்தது' என்று தோண்டும் தொழில் என்னுடையது. அப்படித் தோண்டியதில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன். கொஞ்சம் கணக்கு இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சொல் விளக்கம். நம்ம ஊரில் நடுநிலைப்பள்ளி என்றால் ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டு வரை ஒரே வளாகம். இங்கே மிடில் ஸ்கூல் என்பது பெரும்பாலும் ஆறு, ஏழு, எட்டு மூன்று வகுப்புகள் மட்டும். பிள்ளைகள் ஐந்தாம் வகுப்போடு தொடக்கப்பள்ளியை விட்டுவிட்டு, நாலைந்து தொடக்கப்பள்ளிகளிலிருந்து வந்து இங்கே ஒன்றாகச் சேருகிறார்கள். மூன்றே வருஷம், அப்புறம் ஹைஸ்கூல். பதினொன்று முதல் பதினான்கு வரையான வயது. இந்த வயதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

'டைட்டில் ஒன்' என்பது ஒரு சட்டத்தின் முதல் பிரிவு, அவ்வளவுதான். 1965-ஆம் ஆண்டின் தொடக்க, இடைநிலைக் கல்விச் சட்டம். அதில் அதிபர் லிண்டன் ஜான்சன் ஏப்ரல் 11-ஆம் தேதி, டெக்சஸில் தான் சிறுவனாகப் படித்த ஓரறைப் பள்ளிக்கூடத்தின் முன்னால் உட்கார்ந்து, தன் முதல் ஆசிரியையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அரசியல்வாதியின் நாடகம்தானே என்று ஒதுக்கிவிட முடியாது. 1928-இல் இருபது வயதில் அவர் கொட்டுலா என்ற சிற்றூரில் மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளுக்கு வாத்தியாராக இருந்தவர். பசியோடு வகுப்புக்கு வரும் பிள்ளைகளைப் பார்த்தவர். அந்தச் சட்டம் பல முறை திருத்தப்பட்டு, 2002-இல் 'நோ சைல்ட் லெஃப்ட் பிஹைண்ட்' என்றும், 2015-இலிருந்து 'எவ்ரி ஸ்டூடண்ட் சக்ஸீட்ஸ்' என்றும் பெயர் மாறி இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. பெயர்கள் மாறினாலும் முதல் பிரிவின் நோக்கம் ஒன்றுதான்: ஏழைப் பிள்ளைகள் அதிகம் இருக்கும் இடத்துக்குக் கூடுதல் பணம்.

ஏன் கூடுதல் பணம் தேவைப்படுகிறது? இங்கே பள்ளிக்கூடங்களை நடத்துவது வாஷிங்டன் இல்லை. 'ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்' எனப்படும் பள்ளி மாவட்டங்கள்தான். நாடு முழுக்கக் கூட்டிப் பார்த்தால், பள்ளிச் செலவில் மாநில அரசும் உள்ளூர் வரியும் கிட்டத்தட்டச் சரிபாதி போடுகின்றன. உள்ளூர்ப் பங்கில் பெரும்பகுதி வீட்டு வரி. வீடுகள் விலை போகும் ஊரில் பள்ளியும் செழிக்கும், விலை போகாத ஊரில் பள்ளியும் தேயும். இது நியாயமா என்று சான் அன்டோனியோவின் எட்ஜ்வுட் பகுதிப் பெற்றோர் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1973-இல் 5-க்கு 4 என்ற கணக்கில் தோற்றார்கள். கல்வி என்பது அமெரிக்க அரசியல் சட்டம் உறுதி செய்யும் அடிப்படை உரிமை இல்லை என்று தீர்ப்பு. அதனால் இந்தப் பள்ளத்தை நிரப்ப ஃபெடரல் அரசின் கையில் இருக்கும் முக்கியமான கருவி இந்தப் பணம்தான்.

எவ்வளவு பெரிய கருவி? 2024 நிதியாண்டில் ஒதுக்கியது சுமார் 1,840 கோடி டாலர். கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் டைட்டில் ஒன் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகள் ஏறக்குறைய இரண்டரைக் கோடி. வகுத்துப் பாருங்கள், தலைக்குச் சுமார் 700 டாலர். ஒரு மாணவருக்கு வருஷத்துக்கு ஆகும் மொத்தச் செலவு நாட்டுச் சராசரியாக 16,000 டாலரை ஒட்டி இருக்கிறது. குழம்பில் போடும் பெருங்காயம் மாதிரி ஒரு அளவு என்று வைத்துக்கொள்ளலாம். பெருங்காயம் கொஞ்சம் போட்டாலும் மணக்கும், ஆனால் அதைச் சரியான நேரத்தில், சரியான பாத்திரத்தில் போட வேண்டும்.

வாஷிங்டனிலிருந்து மாவட்டம் வரை பணம் எப்படி வருகிறது என்பதைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். அதற்கு ஒன்றல்ல, நான்கு சூத்திரங்கள். சென்சஸ் துறை ஒவ்வொரு பள்ளி மாவட்டத்திலும் 5 முதல் 17 வயது வரை எத்தனை பிள்ளைகள் வறுமையில் இருக்கிறார்கள் என்று மதிப்பிடுகிறது. அடிப்படைச் சூத்திரத்தில் நுழைய, அப்படிப்பட்ட பிள்ளைகள் 10 பேருக்குக் குறையாமலும், மொத்தத்தில் 2 சதவீதத்துக்கு மேலும் இருந்தால் போதும். இரண்டு சதவீதம்! பணக்கார ஊர்கள்கூட உள்ளே வந்துவிடும். காங்கிரஸ் உறுப்பினர் ஒவ்வொருவரும் தன் தொகுதிக்குக் கொஞ்சமாவது கிடைக்கிறது என்று ஓட்டுப் போடுவார், சட்டம் பிழைத்திருக்கும். அது அரசியல் விலை. அடுத்த சூத்திரம் 15 சதவீதம் அல்லது 6,500 பிள்ளைகளைத் தாண்டிய இடங்களுக்கு. மற்ற இரண்டும் வறுமை அடர்த்திக்கு ஏற்ப எடை கூட்டும். இதில் எனக்கு உறுத்துவது ஒன்று: ஒரு மாநிலம் தன் பள்ளிகளுக்கு ஏற்கெனவே அதிகம் செலவழித்தால், அங்கிருக்கும் ஏழைப் பிள்ளைக்கு ஃபெடரல் பணமும் அதிகம் வரும்படி சூத்திரத்தில் ஒரு காரணி இருக்கிறது. அதற்கு மேல்வரம்பு உண்டு என்றாலும், மிசிசிப்பியின் ஏழைப் பிள்ளையும் நியூ யார்க்கின் ஏழைப் பிள்ளையும் ஒரே எண் இல்லை.

மாவட்டத்துக்கு வந்த பிறகுதான் நம்ம கதை ஆரம்பிக்கிறது. மாவட்டம் தன் பள்ளிகளை வறுமைச் சதவீதப்படி வரிசைப்படுத்த வேண்டும். 75 சதவீதத்துக்கு மேல் இருக்கும் பள்ளிகளுக்கு, எந்த வகுப்புகளாக இருந்தாலும், முதலில் கொடுத்தே ஆக வேண்டும். அதற்குக் கீழே மாவட்டத்தின் விருப்பம். எல்லாப் பள்ளிகளையும் ஒரே வரிசையில் வைக்கலாம், அல்லது 'எங்களுக்குத் தொடக்கப்பள்ளிகள் மட்டும் போதும்' என்று வகுப்பு அடுக்கு வாரியாகவும் பிரிக்கலாம். நிறைய மாவட்டங்கள் செய்வது இரண்டாவது. சின்ன வயதிலேயே பிடித்துச் சரிசெய்துவிடலாம் என்பது அவர்கள் வாதம். தவறான வாதம் இல்லை. ஆனால் விளைவு, நாடு முழுக்க டைட்டில் ஒன் பணத்தின் பெரும்பகுதி ஐந்தாம் வகுப்போடு நின்றுபோகிறது. இதைச் சரிசெய்ய 2015 சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது: ஹைஸ்கூல்களுக்கு மட்டும் அந்த 75-ஐ மாவட்டம் விரும்பினால் 50 ஆக இறக்கிக்கொள்ளலாம். மிடில் ஸ்கூலுக்கு? ஒன்றும் இல்லை. நடுப்பிள்ளைக்கு எப்போதும் நடப்பதுதான்.

சரி, ஒரு பள்ளியின் 'வறுமைச் சதவீதம்' எப்படிக் கணக்கிடப்படுகிறது? இந்தக் கேள்விதான் என்னை இத்தனை மாதங்கள் உட்கார வைத்தது. சென்சஸ் மதிப்பீடு பள்ளி மாவட்டம் வரைதான் இருக்கிறது, பள்ளி வாரியாக இல்லை. அதனால் பெரும்பாலான மாவட்டங்கள் நம்பியிருந்தது மதியச் சாப்பாட்டு விண்ணப்பத்தை. வருமானம் வறுமைக் கோட்டின் 130 சதவீதத்துக்குள் இருந்தால் இலவச சாப்பாடு, 185 வரை இருந்தால் குறைந்த விலை. சாப்பாட்டுக்காக வந்த காகிதம் அது. அதையே எண்ணி, 'இந்தப் பள்ளியில் இத்தனை ஏழைகள்' என்று எழுதிக்கொண்டார்கள். நம் தொழிலில், லாக் ஃபைலை எடுத்து பில்லிங்குக்குப் பயன்படுத்துவது மாதிரி. ஓடும், ஆனால் ஒரு நாள் காலை வாரிவிடும்.

தொடக்கப்பள்ளியில் அந்த விண்ணப்பத்தை அம்மா நிரப்பி டீச்சர் கையில் கொடுப்பார். ஆறாம் வகுப்பில் பையன் கையில் போகும். பன்னிரண்டு வயதுப் பையன். தான் போட்டிருக்கும் ஷூ என்ன பிராண்ட் என்று அடுத்தவன் பார்க்கிறானா என்பதில் முழு உயிரும் இருக்கும் வயது. 'நாங்க ஏழை' என்று எழுதிய காகிதத்தை வகுப்பில் எழுந்து கொண்டுபோய்க் கொடுப்பானா? அது பையின் அடியில் வாழைப்பழத்தோடு நசுங்கிக் கிடக்கும். இலவச சாப்பாடு வாங்குகிறவர் யார் என்று மற்றவர்களுக்குத் தெரியக் கூடாது என்பது சட்டம்தான். பிள்ளைகளுக்கு அந்தச் சட்டம் தெரியாது, கேன்டீன் வரிசைதான் தெரியும். இத்தோடு இன்னொரு பயமும் உண்டு: குடியேற்ற ஆவணங்கள் இல்லாத பெற்றோர் அரசாங்க முத்திரை இருக்கும் எந்தக் காகிதத்திலும் பெயர் எழுதத் தயங்குவார்கள். அந்த விண்ணப்பம் குடியுரிமை பற்றிக் கேட்பதில்லை. அதையும் யாராவது அவர்கள் மொழியில் உட்கார்ந்து சொல்ல வேண்டுமே.

ஆக, ஐந்தாம் வகுப்பில் ஏழையாக இருந்த பிள்ளை, ஆறாம் வகுப்பில் காகிதத்தில் ஏழை இல்லை. அப்பாவுக்குச் சம்பளம் கூடவில்லை, வாடகை குறையவில்லை. ஃபார்ம் வரவில்லை, அவ்வளவுதான்.

இது கல்வித் துறைக்குத் தெரியாத விஷயம் இல்லை. சட்டத்திலேயே மாற்று வழி இருக்கிறது, 'ஃபீடர் பேட்டர்ன்' என்று பெயர். மிடில் ஸ்கூலுக்குப் பிள்ளைகளை அனுப்பும் தொடக்கப்பள்ளிகளின் வறுமைச் சதவீதத்தை எடுத்து, மிடில் ஸ்கூலின் மொத்த மாணவர் எண்ணிக்கைமேல் போடலாம். ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 'அ' பள்ளியில் 400 பேர், அதில் 280 பேர் ஏழைகள். 'ஆ' பள்ளியில் 300 பேர், 150 பேர் ஏழைகள். சேர்த்தால் 700-க்கு 430, அதாவது 61 சதவீதம் சொச்சம். இவர்கள் போகும் மிடில் ஸ்கூலில் 600 பேர் என்றால், ஃபீடர் கணக்கில் சுமார் 368 ஏழைப் பிள்ளைகள். அதே பள்ளியில் ஃபார்ம் வந்தது 252 பேரிடமிருந்து மட்டும் என்றால் 42 சதவீதம். மாவட்டம் ஓர் ஏழைப் பிள்ளைக்கு 600 டாலர் என்று பங்கு வைத்தால், இரண்டு முறைக்கும் வித்தியாசம் சுமார் 70,000 டாலர். ஒரு ஆசிரியர் சம்பளத்தின் பெரும்பகுதி, எண்ணும் முறையில் மட்டும் காணாமல் போகிறது.

டாலர் மட்டும் இல்லை. ஏழைகள் 40 சதவீதம் இருந்தால் அந்தப் பணத்தைப் 'பள்ளி முழுவதற்கும்' என்ற முறையில் செலவழிக்க அனுமதி தானாக உண்டு. அதற்குக் கீழே போனால், தனி விலக்கு வாங்காதவரை, 'குறிப்பிட்ட மாணவர்களுக்கு மட்டும்' என்ற பழைய முறை. 42 எவ்வளவு விளிம்பில் நிற்கிறது பாருங்கள். நூறு ஃபார்ம் வரவேண்டிய இடத்தில் இன்னும் இரண்டு மூன்று குறைந்தால் பள்ளியின் வேலை முறையே மாறிவிடும். ஃபீடர் முறையைப் பயன்படுத்த அந்த மாவட்டத்தின் மிடில், ஹைஸ்கூல்களில் பெரும்பான்மை சம்மதிக்க வேண்டும். மொத்தப் பணம் அதேதான் என்பதால், இவர்களுக்குக் கூடுவது தொடக்கப்பள்ளிகளுக்குக் குறையும். ஏழைகளுக்குள்ளேயே பங்குச் சண்டை. அதனாலேயே பல இடங்களில் யாரும் இந்தப் பேச்சை எடுப்பதில்லை என்பது என் எண்ணம்.

கலிஃபோர்னியாவில் இதற்கு மேல் ஒரு சுவாரசியமான சிக்கல். 2022-23 கல்வியாண்டிலிருந்து இங்கே அரசுப் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளுக்கும், வருமானம் பார்க்காமல், காலை உணவும் மதிய உணவும் இலவசம். இப்படிச் செய்த முதல் மாநிலம் இதுதான். மிக நல்ல காரியம், கேன்டீன் வரிசையில் இருந்த வெட்கம் ஒரே அடியில் போனது. ஆனால் சாப்பாடு எப்படியும் கிடைக்கும் என்றால் ஃபார்ம் எதற்கு? மாவட்டங்கள் இப்போது 'மாற்று வருமானப் படிவம்' என்று ஒன்றை அனுப்புகின்றன. அதை நிரப்பினால் வீட்டுக்கு நேரடியாக எதுவும் கிடைக்காது. கிடைப்பது பள்ளிக்கு. இதைப் பெற்றோருக்கு விளக்குவதுதான் இப்போது பெரிய வேலை. கால்ஃபிரெஷ் உணவு உதவியோ மெடிகால் மருத்துவ உதவியோ வாங்கும் குடும்பங்களை அரசின் தரவுத்தளத்திலிருந்தே நேரடியாகப் பொருத்திவிடுகிறார்கள், அவர்களுக்கு ஃபார்ம் தேவையில்லை. விட்டுப்போகிறவர்கள் அந்தப் பட்டியல்களில் இல்லாத ஏழைகள்: பயத்தில் விண்ணப்பிக்காதவர்கள், வரம்பை நூலிழையில் தாண்டியவர்கள், இரண்டு வேலை பார்த்துக்கொண்டு எந்தக் கடிதத்தையும் பிரிக்க நேரமில்லாதவர்கள்.

இனி, வந்த பணத்தை ஒரு மிடில் ஸ்கூல் என்ன செய்கிறது? இங்கேதான் பெரும்பாலோருக்குத் தெரியாத ஒரு திருப்பம். பணம் வருவது வறுமைக் கணக்கில், ஆனால் அது போகவேண்டியது படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு. 'குறிப்பிட்ட மாணவர்களுக்கு மட்டும்' முறையில், ஏழையாக இருந்தும் நன்றாகப் படிக்கும் பெண்ணுக்கு அந்தத் தனி வகுப்பு இல்லை. டாக்டர் வீட்டுப் பையன் கணக்கில் தோற்றால் அவனுக்கு உண்டு. முதல் தடவை கேட்கும்போது விசித்திரமாக இருக்கும். யோசித்தால் சரி என்றுதான் படுகிறது: வகுப்பறையில் 'ஏழைகள் மட்டும் எழுந்திருங்க' என்று சொல்ல முடியாதே. 'பள்ளி முழுவதற்கும்' முறையில் இந்தப் பிரிவினையே வேண்டாம். ஆனால் அதற்கு முன்னால் பள்ளி தன் குறைகளை விரிவாக ஆராய்ந்து எழுத வேண்டும், திட்டம் போட வேண்டும், வருஷா வருஷம் பலன் என்ன என்று பார்க்க வேண்டும். சைட் கவுன்சிலில் நாங்கள் உட்கார்ந்து படிப்பது அந்த ஆவணத்தைத்தான். எல்லாப் பள்ளிகளிலும் அது பொது ஆவணம், யாரும் கேட்டு வாங்கலாம்.

மேலே சொன்ன 600 பேர் பள்ளியையே எடுத்துக்கொள்வோம். 300 பேர் ஏழைகள் என்று கணக்கு வந்தால், 600 டாலர் வீதம் 1,80,000 டாலர். பள்ளியின் மொத்தச் செலவு, தலைக்கு 16,000 என்றால், 96 லட்சம் டாலர். அதாவது இரண்டு சதவீதத்துக்கும் கீழே. இதில் கணக்குக்கு ஒரு சிறப்பு ஆசிரியர், சலுகைகள் சேர்த்துப் பார்த்தால் பாதிக்கும் மேல் போய்விடும். குடும்பங்களோடு பேச, இரண்டு மொழி தெரிந்த ஒரு ஒருங்கிணைப்பாளர், அரை நேரம். மிச்சத்தில் மாலை நேர டியூஷன், கொஞ்சம் புத்தகம். முடிந்தது. ஆளுக்குப் பணம் போனால் வேலை நடக்கும் என்பது நான் பார்த்ததில் உறுதியான அபிப்பிராயம். பொருளுக்குப் போனால் அலமாரி நிறையும். மாவட்டம் ஒரு வருஷப் பணத்தில் பொதுவாக 15 சதவீதத்துக்கு மேல் அடுத்த வருஷத்துக்கு எடுத்துப்போக முடியாது என்று விதி. அதனால் வசந்த காலம் வந்தால் 'செலவு பண்ணியாகணுமே' என்ற பதற்றம் தொற்றிக்கொள்ளும். அப்போது யாராவது ஒரு மென்பொருள் லைசென்ஸை விற்க வந்துவிடுவார். நான் மென்பொருள்காரன், அதனால்தான் சொல்கிறேன்: அந்த லைசென்ஸுக்கு ஓட்டுப் போடாதீர்கள்.

'கூடுதலாகக் கொடு, பதிலாகக் கொடுக்காதே' என்பது டைட்டில் ஒன்னின் பொன்விதி. ஃபெடரல் பணம் வருகிறதே என்று மாவட்டம் தன் சொந்தப் பணத்தை அந்தப் பள்ளியிலிருந்து உருவிக்கொள்ளக் கூடாது. இந்த விதி கடுமையானதற்குக் காரணம் உண்டு. சட்டம் வந்த முதல் சில வருஷங்களில் பணம் எங்கெங்கோ போனது. 1969-இல் ரூபி மார்ட்டின், ஃபிலிஸ் மெக்ளூர் இருவரும் ஃபெடரல் அரசின் தணிக்கை அறிக்கைகளைத் தோண்டி எழுதிய அறிக்கை, நீச்சல் குளம் வரைக்கும் இந்தப் பணம் பாய்ந்ததை வெளியே கொண்டுவந்தது. அப்புறம்தான் விதிகள் இறுகின. ஆனாலும் ஒரு ஓட்டை இன்னும் அடைபடவில்லை. டைட்டில் ஒன் பள்ளிக்கும் மற்றப் பள்ளிக்கும் மாவட்டம் சமமாகச் செய்கிறதா என்று ஒப்பிடும்போது, ஆசிரியரின் அனுபவத்துக்காகக் கிடைக்கும் கூடுதல் சம்பளத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. இருபது வருஷ அனுபவம் உள்ளவர் ஊரின் மேல்பாதியில் இருக்கும் பள்ளிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போவார். அவர் இடத்துக்குப் புதிதாகப் படித்து முடித்தவர் வருவார். தாளில் இரண்டு பள்ளியிலும் 'ஒரு ஆசிரியர்', சமம். சம்பளத்தில் வித்தியாசம் நாற்பது, ஐம்பதாயிரம் டாலர்கூட இருக்கலாம். 2015 சட்டம் பள்ளி வாரியாக உண்மையான செலவை வெளியிடச் சொல்கிறது. உங்கள் ஊர் பள்ளிகளின் அறிக்கையில் தேடிப் பாருங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும்.

இதெல்லாம் செய்து பலன் உண்டா? நேர்மையாகச் சொன்னால் சான்றுகள் கலந்துதான் இருக்கின்றன. 1990-களில் காங்கிரஸ் கேட்டு நடத்திய 'ப்ராஸ்பெக்ட்ஸ்' என்ற பெரிய ஆய்வு, இந்த உதவி பெற்ற பிள்ளைகளுக்கும் மற்றவர்களுக்கும் இருந்த இடைவெளி குறைந்ததாகக் காணவில்லை. இதை வைத்து 'பணம் கொட்டினாலும் வேலைக்காகாது' என்று சொல்கிறவர்கள் உண்டு. ஆனால் 2016-இல் கிராபோ ஜாக்சன், ரக்கர் ஜான்சன், கிளாடியா பெர்சிகோ மூவரும் வெளியிட்ட ஆய்வு, நீதிமன்ற உத்தரவுகளால் பள்ளிச் செலவு கூடிய இடங்களைப் பார்த்தது. பன்னிரண்டு வருஷப் படிப்பு முழுக்கச் செலவு 10 சதவீதம் கூடினால், பிற்காலத்தில் சம்பளம் சுமார் 7 சதவீதம் கூடுகிறது, ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குப் பலன் இன்னும் அதிகம். பத்து சதவீதம், பன்னிரண்டு வருஷம். நம்ம பள்ளியின் இரண்டு சதவீதம், அதுவும் பல ஊர்களில் ஐந்தாம் வகுப்போடு நிற்பது, எதனோடு ஒப்பிடப்படுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். மருந்தைக் கால்பங்கு கொடுத்துவிட்டு, பாதியில் நிறுத்திவிட்டு, மருந்து சரியில்லை என்று சொல்வது எந்த ஊர் வைத்தியம்?

பாதியில் நிறுத்தும் அந்த இடம் எப்பேர்ப்பட்டது என்பதற்கு ஒரு ஆய்வு. ராபர்ட் பால்ஃபான்ஸும் கூட்டாளிகளும் ஃபிலடெல்ஃபியாவின் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைப் பல வருஷம் பின்தொடர்ந்து 2007-இல் வெளியிட்டது. நான்கே அறிகுறிகள்: வருகை 80 சதவீதமோ அதற்குக் கீழோ, கணக்கில் தோல்வி, ஆங்கிலத்தில் தோல்வி, ஒழுங்கு நடவடிக்கை. இதில் ஒன்று ஆறாம் வகுப்பில் தெரிந்தால்கூட, அந்தப் பிள்ளை உரிய காலத்தில் ஹைஸ்கூலை முடிப்பது அரிது. கவனியுங்கள், இவை பள்ளி அலுவலகத்தின் கணினியில் ஏற்கெனவே இருக்கும் தகவல்கள். தனியாக எந்தப் பரீட்சையும் வேண்டாம். இதைப் படித்த பிறகுதான் எங்கள் திட்டத்தில் வருகையைக் கவனிக்க ஆள் நேரம் ஒதுக்குவதற்கு நான் ஓட்டுப் போட்டேன். இரண்டாம் வாரமே வீட்டுக்குப் போன் அடித்து "பையன் ஏன் வரலை?" என்று கேட்க ஒரு மனுஷன். பெரும்பாலும் பதில், தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு ஆள் இல்லை என்பது மாதிரி இருக்கும். அல்ஜீப்ராவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, ஆனால் அல்ஜீப்ரா நிற்பது அங்கேதான்.

கணக்குக்கு வருவோம், இதுதான் இன்னும் தீராத தகராறு. பின்தங்கிய பிள்ளைக்கு இரட்டைக் கணக்கு வகுப்பு வைப்பது மிடில் ஸ்கூல்களில் பரவலான வழக்கம். ஆனால் ஒரு நாளில் இருப்பது ஆறோ ஏழோ பீரியட்தான். இரண்டாவது கணக்கு எங்கிருந்து வரும்? விருப்பப் பாடத்தை எடுத்துவிட்டுத்தான். அதாவது இசை, ஓவியம், மரவேலை. சென்ற வசந்த காலக் கூட்டத்தில் ஒரு தாய், மொழிபெயர்ப்பாளர் மூலமாக, தன் மகன் காலையில் எழுந்து பள்ளிக்கு வருவதே டிரம்பெட்டுக்காகத்தான் என்றும், அதைப் பிடுங்கிவிட்டு அவனுக்குப் பிடிக்காத பாடத்தையே இரண்டு முறை கொடுத்தால் அவன் வரவே மாட்டான் என்றும் சொன்னார். கூட்டத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அந்த அம்மாவின் பேச்சு பால்ஃபான்ஸின் முதல் அறிகுறியை அப்படியே சொல்கிறது. வருகை போனால் கணக்கும் போகும். இன்னொரு கசப்பும் இதில் உண்டு: வசதியான பிள்ளை வெளியே காசு கொடுத்து டியூஷன் போய்விட்டுப் பள்ளியில் வயலின் வாசிக்கும். ஏழைப் பிள்ளை உதவி பெறுவதற்கு விலையாக டிரம்பெட்டைக் கொடுக்க வேண்டும்.

கணக்கு ஆசிரியர் ஒரு வழி சொன்னார்: முதல் பீரியடுக்கு முன்னால், 'ஜீரோ பீரியட்' வைத்துக் கணக்கு உதவியை அங்கே தள்ளிவிடலாம். விருப்பப் பாடம் தப்பிக்கும். மிடில் ஸ்கூல் காலை எட்டு மணிக்கு முன்னால் தொடங்கக் கூடாது என்று கலிஃபோர்னியாவில் சட்டம் இருந்தாலும் ஜீரோ பீரியடுக்கு விலக்கு உண்டு, கட்டாயப்படுத்தாமல் இருந்தால் சரி. ஏழேகால் மணிக்கு ஆரம்பிக்கலாம் என்று பேச்சு. அதற்கு அந்த அம்மாவே கேட்டார், அந்த நேரத்துக்கு எங்கள் பக்கத்திலிருந்து பஸ் ஏது? ஃபீடர் முறைக்கு மாவட்டம் சம்மதித்தால் வரக்கூடிய கூடுதல் பணத்தில் ஒரு வேன் வைக்க முடியுமா என்று கணக்குப் போட்டு, அந்த ஷீட்டைப் பிரின்சிபாலுக்கு அனுப்பியிருக்கிறேன். மாவட்டக் கூட்டம் அடுத்த மாதம். அதற்கு முன்னால், இந்த வருஷம் ஆறாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகளின் வருமானப் படிவங்களை, பிள்ளைகள் கையில் கொடுக்காமல், டைம்டேபிள் வாங்க வரும் அன்று பெற்றோரிடமே நிரப்பி வாங்கினோம். மேஜை போட்டு, இரண்டு மொழிபெயர்ப்பாளர்களை உட்கார வைத்து. எண்ணி முடிக்க இன்னும் இரண்டு பெட்டி பாக்கி.